தொண்ணூற்றில் ஒளிந்த தொண்டு

எட்டிலிருந்து எண்பது பிறந்தது தெளிவு. ஒன்பதிலிருந்து தொண்ணூறு எங்ஙனம் பிறந்தது? ஒன்பதும் பத்தும் புணர்ந்து, எழுத்துக்கள் பல திரிந்து தொண்ணூறாகும் என்பது தொல்காப்பிய விதி. எனக்கு அது வலிந்த முடிபாகவே தோன்றுகின்றது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழம்பெயர் இருந்தமைக்குப் பரிபாடல் சான்று. தெலுங்கர் இன்றும் ஒன்பதைத் 'தொம்மிதி' என்பர். ஒன்று குறைந்த பத்து என்னும் பொருளுடையதாக அறிஞர் கருதும் 'ஒன்பது' பின்னர் அவ்விடத்தைக் கவர்ந்துகொண்டது. பழையது தொண்ணூற்றிலும் தொள்ளாயிரத்திலும் ஒளிந்து பிழைத்தது.

தோட்டத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குவோர் இதனைச் சற்றே எண்ணுதல் நன்று. தெரணியகலைத் தோட்டமொன்றில் என் தாயார், பரிபாடலின் பெயரும் கேட்டறியாதவர், நாளுக்கு 18 கிலோவாக ஐந்து நாட் கொழுந்தையும் விரல்விட்டுக் கூட்டித் 'தொண்ணூறு' என்பார். ஏட்டில் 86 என்றிருப்பின், கணக்கப்பிள்ளை திருத்தும்வரை மடுவத்தை விட்டு நகரார்.