சுந்தரவனத்தின் அக்கரை

வங்காளதேசத்தின் தென்மேற்கு மூலையில் சாத்கீரா மாவட்டம் உள்ளது. அதன் ஷியாம்நகர் பகுதிக் கிராமங்களில் நின்று பார்த்தால், இக்கரையில் வீடுகளும் பள்ளிவாசலும், அக்கரையில் சுந்தரவனமும் தென்படும். இடையே ஓடுவது ஓர் ஆறுதான். நீந்துவதில் வல்ல வேங்கைக்கு அது ஒரு தடையே அன்று.

இந்தியாவிலும் வங்காளதேசத்திலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டில் நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி இறங்குகிறது. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஈட்டிமுனைகளாய் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றினூடே வேங்கை புள்ளிமானையும் காட்டுப்பன்றியையும் தேடி அலைகிறது. 2004-இல் கால்தடங்களைக் கொண்டு எண்ணியபோது வங்காளதேசப் பகுதியில் 440 வேங்கைகள் என்றனர். தானியங்கிப் புகைப்படக் கருவி வந்ததும், 2015-இல் அத்தொகை 106 ஆயிற்று! 2018-இல் 114, 2024-இல் வெளியான கணக்கில் 125. வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கும் புயலுக்கும் தப்பி இவ்வளவேனும் பெருகியது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால், அக்கரைக்குச் சென்று திரும்பாதவர்களின் வீடுகளையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் பிறந்ததும் தேன் எடுப்போர் படகேறுவர். 'மௌவாலிகள்' என்பது அவர்கள் பெயர். ஈர இலைகளைக் கட்டிப் புகைமூட்டித் தேனீக்களை விலக்குவர். கண்கள் மரத்தின்மேல் தேனடையைத் தேடும். வேங்கையோ பெரும்பாலும் பின்புறமிருந்தே பாயும். மக்காவிலிருந்து வந்ததாகக் கதை கூறும் வனபீபியின் பெயரைச் சொல்லியே முஸ்லிம்களும் இந்துக்களும் அக்காட்டில் கால்வைப்பது பழைய வழக்கம். மார்க்க நெறிக்கு அது ஒவ்வாதென்று நாம் கூறிவிடலாம். உயிரைப் பணயம் வைத்து இறங்குபவனின் அச்சம் அதனால் நீங்கிவிடுமா?

கணவன் காட்டிலிருக்கும் நாட்களில் மனைவி தலை வாருவதில்லை, சோப்பிட்டுத் துணி துவைப்பதில்லை, மிளகாய் வறுப்பதில்லை. இவற்றில் ஒன்று தவறினாலும் அவனுக்குக் கேடு வருமென்று நம்புகின்றனர். இதில்தான் கொடுமை இருக்கிறது. அவனை வேங்கை கொன்றுவிட்டால் பழி முழுவதும் அவள்மீதே விழுகிறது. 'கணவனை விழுங்கியவள்' என்ற வசையோடு புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட கைம்பெண்கள் அங்கே பலர். 'புலி விதவை' என்றே ஊரார் அவர்களை அழைக்கின்றனர்.

வனவிலங்கால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 3 லட்சம் டாக்கா வழங்க 2021-இல் அரசு விதி செய்தது. ஆயினும் அனுமதிச் சீட்டின்றிக் காட்டுக்குள் சென்றவருக்கு அது கிடையாது. வறுமையால் சீட்டின்றிச் சென்றவனின் மனைவி, கணவன் இறந்த இடத்தை வெளியே சொல்லவும் அஞ்சுகிறாள்.

வேங்கையைப் பகையாகக் கொள்வதும் தீர்வாகாது. ஊருக்குள் புகுந்த வேங்கையை முன்பு அடித்தே கொன்றனர். பின்னர் கிராமத்தவர் தொண்டர் குழுக்களில் சேர்ந்து, அதனைக் காட்டுக்கே திருப்பி அனுப்பப் பழகினர். வேங்கைக்குக் காட்டிய அந்தப் பொறுமையைக் கைம்பெண்ணுக்கும் காட்டியிருக்கக் கூடாதா?

அவளோ, பிள்ளைகளின் பசியை ஆற்ற, இடுப்பளவு உவர்நீரில் வலையிழுத்து இறால் குஞ்சு பிடிக்கிறாள். கணவனைப் பறிகொடுத்த காடு எதிர்க்கரையிலேயே நிற்கிறது.