மிதிப்பவளுக்கு ஏற்ற சைக்கிள்

பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கும்போது நிறத்தை மட்டுந்தான் அவளிடம் கேட்கிறார்கள். மிகுதியை வீட்டு ஆண்களும் கடைக்காரரும் தீர்மானித்து விடுகிறார்கள். ஆனால் வெயிலிலும் காற்றிலும் அதை மிதிக்கப் போகிறவள் அவள்தானே!

பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய கிராமங்களில் கள வேலை செய்யும் எனக்கு, தினமும் 20 கிலோமீற்றர் வரை சைக்கிளில் போய் உழைக்கும் பெண்கள் பலரைத் தெரியும். முழங்கால் வலியை "வயது போகுது" என்று சொல்லிச் சகித்துக்கொள்கிறார்கள். பல வேளைகளில் குற்றம் வயதில் அல்ல, சீற்றின் உயரத்தில்தான்.

மரக்கறி விற்கும் ஒரு அக்கா, விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் சீற்றை அடியோடு இறக்கி வைத்திருந்தார். கிழமைக்குக் கொஞ்சமாக அதை உயர்த்தினோம். மிதிகட்டை கீழே இருக்கும்போது அதில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான அளவு. இப்போது அவர் நொண்டாமல் சந்தைக்குள் நடக்கிறார்.

அடுத்தது பற்சக்கரம். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், ஒரு மிதிக்குச் சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். பின்னால் 20 பற்கள் உள்ளதைப் பூட்டினால் வேகம் சற்றுக் குறையும். மிதிக்கும் பாரமும் பத்தில் ஒரு பங்கு குறையும். சோளகக் காற்றை எதிர்த்துப் பொதியோடு போகிறவளுக்கு இது பெரிய ஆறுதல். கியர் சைக்கிள் வாங்க வசதியில்லாதவர்கள் இதைச் செய்விக்கலாம்.

பொதியை முன்கூடையில் நிறைத்தால் ஹாண்டில் தளம்பும். பாரமானவற்றைப் பின் கரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகக் கட்டுங்கள். கிரவல் வீதிக்குச் சற்று அகலமான ரயர் நல்லது. காற்றுக் குறைந்த ரயரோடு குழியில் விழுந்தால் றிம் இடித்து ரியூப் வெடிக்கும். சேலைத் தலைப்பும் சோலும் சிக்காதிருக்கச் செயின் கவரும் பின்சில்லு வலையும் அவசியம். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும்.

2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, சைக்கிள் வைத்திருந்த பெண்ணின் தொழில் நிற்கவில்லை. அந்தச் சைக்கிள் அவளுடைய கைமுதல். ஆகவே சகோதரிகளே, கடைக்கு நீங்களே போங்கள். ஏறி ஓடிப் பாருங்கள். ரியூப்புக்கு ஒட்டுப் போடவும் பழகிக்கொள்ளுங்கள். நடுவழியில் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டி வராது.