நாலு நாள் போட்டேன், ஒத்துக்கல..

வழக்கமா கிரிக்கெட், சினிமா, மெஸ் சாம்பார்னு எதையாவது கிறுக்கிட்டு இருப்பேன். இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ். பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயம் இதுதான். பதினோரு மாசமா நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறேன். கிளாஸ்ல நாலு பேருக்குத் தெரியும். மத்தவங்களுக்கு இப்போ தெரிஞ்சிடுச்சு :) பி.ஃபார்ம் மூணாவது வருஷம். இந்த மருந்துகளைப் பத்தி பரீட்சையில பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன்தான். ஆனா புத்தகத்துல 'குமட்டல்'னு ஒரே வார்த்தையில முடிஞ்சு போறது, காலைல மெஸ்ல வெண்பொங்கல் வாசனை வரும்போது எப்படி இருக்கும்னு எந்தப் புத்தகமும் சொல்லல. போன வாரம் ஒரு ஜூனியர், "அண்ணே, எனக்கும் எழுதிக் கொடுத்தாங்க. நாலு நாள் போட்டேன், ஒத்துக்கல, விட்டுட்டேன்"னான். அந்த நாலு நாள் கணக்குதான் என்னை எழுத வெச்சது.

முதல்ல 'புதிய மருந்து'ன்னா என்னன்னு பார்த்துடலாம். 1950கள்ல வந்த பழைய மாத்திரைகள் வேலை செஞ்சது. கூடவே வாய் வறண்டு போகும், மலச்சிக்கல் வரும், அளவு மீறினா இதயத் துடிப்பே தாறுமாறா ஆயிடும். 1987 டிசம்பர்ல அமெரிக்காவில ஃப்ளுவாக்ஸெடினுக்கு அனுமதி கிடைச்சதுக்கு அப்புறம்தான் கதை மாறிச்சு. அந்தக் குடும்பத்துல பின்னாடி பிறந்ததுதான் எஸ்சிட்டலோப்ரம். எனக்கு முதல்ல கொடுத்தது அதுதான். முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10.

இந்த மருந்துகள் செரோடோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்காம தடுக்கும். நம்ம உடம்புல இருக்கிற செரோடோனின்ல ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது மூளையில இல்லை, குடல்ல! மாத்திரை உள்ள போனதும் குடல் முதல் நாளே முழிச்சுக்கும். குமட்டல், வயித்துப்போக்கு, பசியின்மை எல்லாம் உடனே ஆஜர். மனசு லேசாகிறதுக்கோ ரெண்டுல இருந்து நாலு வாரம், சில பேருக்கு அதுக்கும் மேலே ஆகும். கந்துவட்டிக்காரன் மாதிரி, வட்டியை முன்னாடியே பிடிச்சுக்கிட்டு அசலை அப்புறம் கையில கொடுக்கிற வியாபாரம் இது. நாலாவது நாள்ல நிறுத்துறவன் வட்டி மட்டும் கட்டிட்டு வந்தவன். பெரும்பாலானவங்களுக்குக் குமட்டல் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும். எனக்குப் பத்து நாள் ஆச்சு. வெறும் வயித்துல போடாம ரெண்டு இட்லிக்கு அப்புறம் போட்டதும், காபியைக் குறைச்சதும் உதவிச்சு. ராத்திரி போட்டா தூக்கம் வரல, அதனால டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாத்திக்கிட்டேன். தூக்கம் தூக்கமா வர்றவங்க ராத்திரிக்கு மாத்திக்கலாம்.

நம்ம வயசுக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2004ல அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளோட விவரக் குறிப்புல கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை போடச் சொல்லிச்சு. 2007ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. ஆரம்ப வாரங்கள்லயும் அளவு மாத்தும்போதும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். உட்கார முடியாத தவிப்பு, காரணமில்லாத எரிச்சல், தூக்கமே இல்லாம இருக்கிறதுன்னு ஏதாவது தெரிஞ்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசணும். ராத்திரி ரெண்டு மணின்னா 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ் எண், தமிழ்லயும் பேசுவாங்க. நான் ரூம்மேட்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சேன். "மாப்ள, ரெண்டு வாரம் என்னைப் பார்த்துக்க"ன்னேன். ஏன் எதுக்குன்னு கேட்காம, மொட்டை மாடிச் சாவியை வாங்கி அவன் பையில போட்டுக்கிட்டான்.

மூணாவது மாசம் நிஜமாவே நல்லா இருந்தேன். படிக்க முடிஞ்சது, சாப்பிட முடிஞ்சது. அப்போதான் அப்பத்தா தவறிப் போச்சு. என்னைத் தூக்கி வளர்த்த அப்பத்தா. எழவு வீட்டுல அத்தைங்க எல்லாம் கட்டிப் பிடிச்சு அழறாங்க, எனக்கு ஒரு சொட்டு வரல. துக்கம் அங்கே எங்கேயோ இருக்கு, நடுவுல ஒரு கண்ணாடி. மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. உணர்ச்சி மழுங்கிப் போறதுன்னு இதுக்குப் பேரு. மனச்சோர்வே கூட இப்படிச் செய்யும், மருந்தும் செய்யும். எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க டாக்டருக்கு நாம சொன்னாத்தான் உண்டு.

இன்னொண்ணும் சொல்லணும். கூச்சமாத்தான் இருக்கு, கிளாஸ்ல யாரும் கிண்டல் பண்ணாதீங்கப்பா. பாலியல் ஆசை குறையறது, உச்சம் தாமதமாறது எல்லாம் இந்த மருந்துகள்ல ரொம்ப சகஜம். குமட்டல் மாதிரி தானா போறதும் குறைவு. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நிறைய பேர் சத்தமில்லாம மாத்திரையைக் குப்பையில போடுறாங்கன்னு நினைக்கிறேன். நான் சொன்னேன். அந்த அம்மா அசரவே இல்லை, "இதுக்கெல்லாம் வழி இருக்கு தம்பி"ன்னாங்க. அளவைக் குறைச்சுப் பார்க்கலாம், இல்ல மருந்தை மாத்தலாம். ப்யூப்ரோபியான்ல இந்தத் தொல்லை குறைவு, ஆனா வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆகாது. மிர்ட்டாஸபின்ல தூக்கமும் பசியும் கூடி, எடையும் ஏறும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வோர்ட்டியாக்ஸெடின் கொடுத்தாங்க. 2013ல அமெரிக்காவில அனுமதி வாங்கினது. விலைதான் கையைக் கடிக்குது. குமட்டல் இதுலயும் உண்டு.

அதனால புதுசுன்னா பக்கவிளைவே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2019ல வந்த எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரேயை வீட்டுக்கே தர மாட்டாங்க. ஆஸ்பத்திரியில வெச்சு எடுத்துட்டு ரெண்டு மணி நேரமாவது கண்காணிப்புல இருக்கணும், ரத்த அழுத்தம் ஏறும். பிரசவத்துக்குப் பின்னாடி வர்ற மனச்சோர்வுக்கு 2023ல வந்த ஸுரானலோனை 14 நாள் மட்டும்தான் எடுக்கணும். ஆனா ஒவ்வொரு டோஸுக்கு அப்புறமும் 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

அம்மாவோட பயம் வேற. "தம்பி, பழகிட்டா விடாதாம்டா, பக்கத்து வீட்டு அக்கா சொல்றா." இது போதை மாதிரி ஏங்க வைக்காதும்மா, ஆனா பட்டுனு நிறுத்தவும் கூடாதுன்னு விளக்கினேன். எஸ்சிட்டலோப்ரம் சாப்பிட்ட காலத்துல பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் மெடிக்கல்ல ஸ்டாக் இல்லை, மூணு நாள் கிடைக்கல. கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள சின்னதா கரண்ட் அடிக்கும், தலை சுத்தும், கண்டபடி கனவு வரும். பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி ரத்தத்துல இருந்து சீக்கிரம் இறங்குறதுல இது இன்னும் மோசம். ஃப்ளுவாக்ஸெடின் மெதுவா இறங்கும், அதனால தொல்லை குறைவு. நிறுத்துறதா இருந்தா டாக்டர் சொல்ற படியில வாரக்கணக்கா, மாசக்கணக்கா குறைக்கணும்.

ஃபார்மசிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்குக் கவுன்ட்டர்ல நிக்கப் போறது நாமதான். இந்த மாத்திரை சாப்பிடுறவர் வலிக்கு ட்ரமடாலோ, இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ கேட்டா கொஞ்சம் யோசிங்க, செரோடோனின் எக்குத்தப்பா ஏறிடலாம். ஐபுப்ரோஃபென் கூடச் சேர்ந்தா ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

அந்த ஜூனியரை வர்ற வியாழக்கிழமை அவனோட டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த வாரம் எனக்கும் செக்கப். நோட்டுல ரெண்டு கேள்வி எழுதி வெச்சிருக்கேன்: ராத்திரியில கை அரிக்குது, அது மருந்தாலயா? எப்போதிலிருந்து குறைக்க ஆரம்பிக்கலாம்?