பூட்டியவர் யார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, நான் அவருக்காக ஒரு ரகசிய எழுத்தையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. ஆபீசுக்கு யார் வந்தாலும், “நம்ம சம்பள ஃபைலுக்குத் தம்பிதான் ரகசியக் கோடு எழுதுதுங்க” என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். நானும் அடக்கமாகச் சிரித்துவைப்பேன். உண்மையில் என் புரோகிராமில் ரகசியம் சம்பந்தப்பட்ட பகுதி பத்து வரி. மீதியெல்லாம் எக்செல் தாளைப் படித்து, கணக்கு எண்ணின் முன்னால் வரும் பூஜ்யம் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கணிதத்தை விளக்கச் சொன்னால் இன்றைக்கும் ஐந்து நிமிஷத்தில் உளற ஆரம்பித்துவிடுவேன்.

வாரச் சம்பளப் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வங்கியின் சர்வருக்குப் போய்விட வேண்டும்; சனிக்கிழமை தொழிலாளர் கணக்கில் பணம் ஏற வேண்டும். ஃபைல் பிஜிபி முறையில் பூட்டியிருக்க வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. அமெரிக்காவில் ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட மென்பொருள் பிஜிபி. ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அரசாங்கம் அவரைச் சில வருஷம் விசாரித்து, 1996-இல் வழக்குப் போடாமலே விட்டது. ஆயுதம் என்று சந்தேகப்பட்ட அந்தச் சமாச்சாரம்தான் இங்கே ஓவர்லாக் அடிக்கிறவரின் கூலியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதே தரத்தில் இயங்கும் இலவச மென்பொருள் ஜிஎன்யு பிஜி, சுருக்கமாக ஜிபிஜி. அதைப் பைத்தானிலிருந்து கூப்பிட ஒரு லைப்ரரி இருக்கிறது. என்க்ரிப்ட், டிக்ரிப்ட், சைன், வெரிஃபை என்று நாலு ஃபங்க்ஷன் தெரிந்தால் பிழைப்பு ஓடும்.

முதலாளியின் கவலையெல்லாம் பக்கத்துக் கம்பெனிக்காரர் நம் கூலி விவரத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். அதற்குப் பூட்டு போதும். ஆனால் இந்த முறையில் பூட்டுகிற சாவி பொதுச்சாவி. வங்கி அதை எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுக்கிறது. கோயில் உண்டியல் மாதிரி: போடுவதை யாரும் போடலாம், திறக்கத்தான் அதிகாரம் வேண்டும். ஆக, ஒரு ஃபைல் சரியாகப் பூட்டப்பட்டு வந்திருக்கிறது என்பதால் அதை அனுப்பியது நாங்கள்தான் என்று ஆகாது. சர்வரின் கடவுச்சொல் எவனுக்காவது கிடைத்து, பட்டியலில் இல்லாத நாலு பேரைச் சேர்த்து அதே சாவியால் பூட்டி அனுப்பினால் வங்கியில் அழகாகத் திறந்துகொள்ளும். அதைத் தடுப்பது கையொப்பம். எங்களிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் போடுவது. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது. வங்கி கொடுத்த படிவத்திலோ கையொப்பத்துக்கு எதிரே ‘விருப்பப்பட்டால்’ என்று இருந்தது. முதலாளியிடம் விளக்கினேன். அவருக்கு உடனே பிடிபட்டது. “காசோலைல கையெழுத்து விருப்பப்பட்டாப் போடுங்கன்னு சொல்லுவாங்களா?” என்று கேட்டார். கையொப்பத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி வங்கிக்கு அவர் பெயரிலேயே கடிதம் போனது.

எனக்கு முன்பு அங்கே இருந்தவர் எழுதிவைத்த கோடைத் திறந்து பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. இந்த லைப்ரரி, பூட்ட முடியாமல் போனால் கூச்சல் போடாது. புரோகிராம் நிற்காது. வெறுமையான ஒரு விடையைத் திருப்பித் தரும். அதன் ‘ஓகே’ என்ற புலத்தைக் கேட்டால்தான் ‘இல்லை’ என்று சொல்லும். கேட்காமல் அப்படியே ஃபைலில் எழுதினால் பூஜ்யம் பைட்டில் ஒரு ஃபைல், சரியான பெயரோடு, சரியான நேரத்துக்கு வங்கிக்குப் போய்ச் சேரும். ஒரு சாவி இன்னாருடையதுதான் என்று நாம் உறுதி சொல்லாதவரை ஜிபிஜி அதை வைத்துப் பூட்டாது. இந்தத் தொல்லைக்கு இணையத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: ‘ஆல்வேஸ் டிரஸ்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கு. எப்போதும் எவரையும் நம்பு! அந்த வரியும் அந்தக் கோடில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

எடுத்ததற்கு ஒரு தீபாவளி சீசனில் விலை கொடுக்க வேண்டிவந்தது. வங்கியின் சாவி காலாவதியாகி, புதுச் சாவி மெயிலில் இணைப்பாக வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். பழைய வரி இருந்திருந்தால் இணைப்பை இறக்கி, சேர்த்து, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் அந்த மெயிலை வங்கிதான் அனுப்பியது என்று எப்படித் தெரியும்? மெயிலில் கொடுத்திருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய ஒப்பந்தத் தாளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு: 40 எழுத்து, நாலு நாலாகப் பத்துக் கூறு. எண்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்து வரும். அதை வாசிக்கச் சொன்னேன்.

“சார், மெயில்லயே இருக்கே, பாத்துக்கோங்க.”

“மெயில்ல இருக்கறத மெயில வெச்சே எப்படிங்க சரிபார்க்கறது? உங்க சிஸ்டத்துல பார்த்து நீங்க வாசிங்க, நான் டிக் பண்ணிக்கிறேன்.”

சலித்துக்கொண்டேதான் வாசித்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தில், மலிவான ஃபோனில், பி, சி, டி, ஈ நாலும் ஒரே மாதிரிதான் காதில் விழும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலாவது கூறில் என் தாளில் ‘டி’, அவர் சொன்னது ‘பி’. எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. “பி ஃபார் பாம்பேயா, டி ஃபார் டெல்லியா?” டெல்லிதான். மறுபடி முதலிலிருந்து ஊர்ப் பெயர்களோடு ஆரம்பித்தோம். எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி, “ஏன் தம்பி, பேங்க்காரருக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கறீங்களா?” என்றார். பத்துக் கூறும் பொருந்திய பிறகு, புதுச் சாவியின் மேல் எங்கள் சாவியால் ஓர் உள்ளூர்க் கையொப்பம் போட்டோம். ஜிபிஜி அதற்குமேல் முரண்டு பிடிக்கவில்லை. ஃபைல் போக ராத்திரி ஏழு மணி ஆயிற்று.

இதெல்லாம் என் மந்த புத்திக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 1999-இல் அல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 பேரை உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் கொடுத்து, பிஜிபியால் பூட்டிக் கையொப்பமிட்டு மெயில் அனுப்பச் சொன்னார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். பலர் பெறுநரின் சாவியை விட்டுவிட்டுத் தங்கள் சாவியாலேயே பூட்டினார்கள். படித்தபோது பெரிய ஆறுதல்.

வங்கியிலிருந்து திரும்பி வரும் ஒப்புகை ஃபைலிலும் இதே கதைதான். டிக்ரிப்ட் செய்தால் ‘ஓகே’ என்று வரும். திறந்தது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். கையொப்பம் செல்லுமா என்பது ‘வாலிட்’ என்ற வேறு புலம். அதுவும் போதாது, யாருடைய சாவியால் போட்ட கையொப்பம் என்று கைரேகையை நாமே ஒப்பிட வேண்டும். ஏனென்றால் நம்மிடம் இருக்கும் எந்தச் சாவியால் போட்ட கையொப்பமும் செல்லும் கையொப்பம்தான். 2018-இல் மார்க்கஸ் பிரிங்க்மன் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். செய்திக்குள் பொதிந்திருக்கும் கோப்பின் பெயரிலேயே ‘கையொப்பம் சரி’ என்று ஜிபிஜி சொல்வதுபோல் போலி வரிகளை ஒளித்துவைத்தால், அந்த வரிகளைப் படித்து முடிவுசெய்யும் மென்பொருள்கள் சில ஏமாந்துபோகும். ஜிபிஜி 2.2.8-இல் அடைத்தார்கள். அந்த ஜிபிஜியைப் பல வருஷம் ஏறக்குறைய தனியாளாகக் கட்டிக்காத்தவர் ஜெர்மனியின் வெர்னர் கோச். கையில் காசில்லாமல் அவர் திண்டாடுவது 2015-இல் செய்தியாக வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் பர்ஸைத் திறந்தன. எங்கள் முதலாளிகள் யாரும் திறக்கவில்லை. நானும்தான்.

எங்கள் பக்கத்துத் தனிச்சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, முதலாளி சர்வ சாதாரணமாக, “ஆடிட்டர்கிட்டயே குடுத்துருங்க, என் கையெழுத்து டாங்கிளும் அங்கதான் இருக்குது” என்றார். போய்ப் பார்த்தேன். உதவியாளரின் மேஜை டிராயரில் பழைய பிஸ்கட் டப்பா நிறைய யுஎஸ்பி டாங்கிள்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, கம்பெனி பெயர், கீழே கடவுச்சொல். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்த டாங்கிளால் போடும் டிஜிட்டல் கையொப்பம் முதலாளி பேனாவால் போட்டதற்குச் சமம். கம்பெனிப் பதிவாளருக்குப் போகும் படிவமெல்லாம் அதில்தான் போகிறது.

சம்பளச் சாவியை அங்கே கொடுக்கவில்லை. அது சர்வரில் இருக்கிறது. கடவுச்சொல் முதலாளியின் மகளுக்கும் கணக்குப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. சாவி தொலைந்தாலோ திருடுபோனாலோ அதை ரத்துசெய்யும் சான்றிதழை அச்செடுத்து பீரோவில் வைத்தாயிற்று. டாங்கிளைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று அப்புறமும் சொல்லிப் பார்த்தேன். “அவரு எங்கப்பா காலத்துல இருந்து நம்ம கணக்குப் பார்க்கறவருங்க தம்பி” என்றார். டாங்கிள் இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.