முறைவாசல்

வாரியலைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் அதை எங்கள் வாசல் நிலையோரம் சாத்தி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர்கள் குரல் மட்டும் கொடுப்பார்கள்: "மதினி, முறை வந்தாச்சு!" அம்மா அடுக்களையிலிருந்தே "சரி மதினி" என்பாள். அன்றிலிருந்து ஏழு நாளைக்கு வளவு முழுவதும் எங்கள் பொறுப்பு.

சங்கரன்கோவிலில், கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் இருந்தது அந்த வளவு. தலைவாசல் ஒன்று, அதற்குள் நீளமாக ஒரு நடை, நடையின் இருபுறமும் மும்மூன்று வீடுகள், கடைசியில் பொதுக் கிணறு. ஒவ்வொரு வீடும் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக நீளும். நடுவே கூரையில்லாத ஒரு சதுரம். வானவெளி என்பதை நாங்கள் மானவெளி என்போம். வெயிலும் மழையும் நிலாவும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். ஆறு வீடுகளும் ஆறு குடும்பங்களுக்குச் சொந்தம். நடையும் கிணறும் தலைவாசலும் பொது. அதனால்தான் முறைவாசல்.

முறை எடுத்த வீட்டுக்காரர்கள் விடியுமுன் தலைவாசலைத் திறந்து, நடை முழுக்கப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, தெருவாசலில் கோலம் போட வேண்டும். வாறுகால் அடைத்திருந்தால் குத்திவிட வேண்டும். கிணற்றடியில் பாசி பிடித்திருந்தால் செங்கல் பொடி போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ராத்திரி தலைவாசலைத் தாழ்போடும் முன், ஆறு வீட்டு ஆட்களும் திரும்பிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். தறிக்குப் போனவர் யாராவது வர நேரமானால் தாழ்போடாமல் கதவைச் சாத்தி மட்டும் வைப்பார்கள். எங்கள் ஊரில் தறிச் சத்தம்தான் கடிகாரம். அது திடீரென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். 

முறையிலிருந்து விலக்கும் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாற்பது நாள் வாரியல் போகாது. துக்கம் நடந்த வீட்டுக்குப் பதினாறு நாள் போகாது. அந்த வாரத்தை யார் எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். எங்கள் முறை வந்த ஞாயிறன்று, நானே பெருக்கிவிடலாம் என்று விடியலில் எழுந்து போனேன். வாசலில் வாரியல் இல்லை. மூன்றாம் வீட்டு ஆச்சி, எழுபது வயசுக்காரி, குனிந்த முதுகோடு நடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆச்சி, இது எங்க முறை" என்றேன்.

"தெரியும்ட்டி. நீ போயி அம்மைக்குக் கஞ்சி வையி."

அடுத்த முறை ஆச்சி வீட்டுக்கு வந்தபோது அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். பதிலுக்கு அந்த வாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்னாள். ஆச்சி ஒப்பவில்லை. அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். முறைவாசலுக்குக் கணக்கு உண்டு, நோவுக்குக் கணக்கு இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனி பிறந்ததும் வளவுக்குச் சுண்ணாம்பு வந்து இறங்கும். கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன் ஆறு வீடும் வெள்ளையடித்தாக வேண்டும். கற்சுண்ணாம்பைப் பெரிய மொடாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உலை போலக் கொதிக்கும். பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். இரண்டு ராத்திரி ஆற விட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் ஒரு கை உப்பும் துளி நீலமும் சேர்ப்பார்கள். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்து வீசும். குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குக் காற்று மட்டும். அந்தக் காற்றில் சுவர் காய்ந்து கிடக்கும். காய்ந்த சுவரில் அடித்த சுண்ணாம்பு தொட்டால் கையோடு வரும். அதனால் முதலில் சுவரில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், பிறகுதான் மட்டையைத் தோய்க்க வேண்டும். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட நீர்க்க இரண்டு தடவை அடிப்பது நல்லது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகுகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். இந்த அறிவியலை நான் கல்லூரியில் படித்தேன். அதன் செய்முறை ஆச்சிக்கு அதற்கும் முன்பே தெரிந்திருந்தது.

வளவுக்கு ஏணி ஒன்றுதான். ஒரு வீட்டை முடித்துவிட்டு ஏணி அடுத்த வீட்டுக்கு நகரும், கூடவே மட்டையும் மொடாவும் ஆட்களும் நகரும். சொந்த வீட்டை மட்டும் அடித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் யாருமில்லை.

தபசு வந்துவிட்டால் வீடுகளுக்குள் சுவர் இருந்ததே மறந்துவிடும். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று கோமதி அம்மனுக்கு மாலையில் சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கமாகவும் சுவாமி காட்சி கொடுப்பார். சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காய்கறியையும் கொண்டுவந்து அங்கே வீசுவார்கள். கொடியேறியதிலிருந்து கோயிலை 101 சுற்று, 108 சுற்று என்று சுற்றுபவர்கள் உண்டு, ஆடிச்சுற்று என்பார்கள். ஒற்றைக் காலில் நின்று தபசு செய்யும் அம்மனின் கால்வலியைத் தாங்கள் பங்கு வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. மூன்றாம் வீட்டு ஆச்சி ஒவ்வொரு வருடமும் 108 சுற்றினார்கள். எங்கள் வீட்டு முறையை எடுத்துக்கொண்டதும் அதே கால்கள்தான்.

தபசுக்கு வந்த விருந்தாளி யார் வீட்டுக்கு வந்தவர் என்று பார்த்துப் படுக்கை போட்டதில்லை. எங்கள் பட்டாசலில் நாலாம் வீட்டுச் சம்பந்தி தூங்குவார்; எங்கள் சித்தப்பா எதிர்வீட்டு மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடியில், நிலாவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு தடவை எங்கள் மானவெளியில் தேள் வந்தது. எங்கள் ஊரில் இதற்கு வழக்கமான வழி ஒன்று உண்டு. கோயில் வாசலில் பாம்பு, தேள், பல்லி உருவங்களைத் தகட்டில் செய்து விற்பார்கள். எந்தப் பூச்சி தொல்லை தருகிறதோ அதன் உருவை வாங்கி உண்டியலில் போட வேண்டும். கோயில் புற்றுமண்ணை எடுத்துவந்து நிலைவாசலில் வைக்க வேண்டும். அம்மா கிளம்பும்போது ஆச்சி சொன்னார்கள்: "உருவ உண்டியல்ல போடு தாயீ. வந்ததும் அந்த வெறகையும் இடம் மாத்திப் போடு." இரண்டும் நடந்தது. விறகைச் சுவரை விட்டு நகர்த்தி, கல்லின் மேல் அடுக்கி, சுவரோர ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம். சாமியையும் வேலையையும் ஆச்சி தனித்தனியாகப் பிரித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் நான் ஏங்கவில்லை. அந்த முறையில் சேராத ஒருவர் இருந்தார். புறவாசல் சந்து வழியாக வந்து ஆறு வீட்டுக் கக்கூசையும் கூடையில் அள்ளிக்கொண்டு போனார். அவர் வீட்டில் பிள்ளை பிறந்தபோதும் துக்கம் நடந்தபோதும் விலக்கு கிடைத்ததா என்று எங்கள் வளவில் ஒருவரும் கேட்கவில்லை. எடுப்புக் கக்கூசைத் தடை செய்யும் சட்டம் 1993-ல்தான் வந்தது. எங்கள் முறைவாசலின் அழகு தலைவாசல் பக்கம் மட்டுமே இருந்தது. இதை எழுதாமல் அதை எழுதினால் பொய்யாகிவிடும்.

வளவை இழந்தது எங்கள் கையால்தான். 1990-களின் கடைசியில் அப்பா ஓய்வுபெற்ற பணம் வந்தது. வருடா வருடம் வெள்ளையடிக்கும் தொல்லை வேண்டாம் என்று சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்தோம். மானவெளிக்குத் தகரக் கூரை போட்டோம். அன்றைக்கு எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக வழியில்லாத ஈரம் மேலே ஏறியது. உவர் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சுவருக்குள் ஊன்றியிருந்த தேக்கு உத்திரத்தின் முனைகள் நைந்தன. நைந்த மரத்துக்குக் கறையான் வந்தது. புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசும் ஊரில், அந்தப் புற்றைக் கட்டுகிற கறையானே எங்கள் கூரையைத் தின்றது.

பழையபடி மட்டப்பாவைச் செப்பனிடலாமா என்று அப்பா விசாரித்தார். சின்ன செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம் அது. என் சிறுவயதில் அது ஒழுகியபோது, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு கிடைக்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது ஊரில் இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் ஆச்சியும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆறு வீட்டில் நான்கு பூட்டிக் கிடந்தன. வாரியலைச் சாத்தி வைக்க அடுத்த வாசல் இல்லை. விற்றோம்.

நான் பிறந்த ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் முதல் அது தென்காசி மாவட்டம். தபசுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் போய்க் காலையில் இறங்கும்போது காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. வளவு இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே கடைகள். கிணறு எந்தக் கடைக்குக் கீழே இருக்கிறது என்று மனதால் அளந்து பார்த்துவிட்டு வருவேன்.

தாம்பரத்துக்குப் பக்கம் நான் இருக்கும் அடுக்ககத்தில் 48 வீடுகள். மாதம் 3,200 ரூபாய் கட்டினால் படி பெருக்க ஆள் வருகிறார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வருகிறார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் எதிர்வீட்டு அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தார்கள். அவர்கள் மறுபடி எழுந்து நடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடையில் இருந்தது ஆறடி நடை. அந்த நடையைப் பெருக்கும் முறை எனக்கு வந்திருந்தால், சாத்திக் கிடந்த கதவைப் பார்த்திருப்பேன்.

சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வளவுகளில் இன்னும் குடியிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். மானவெளியை மூடாதீர்கள். மட்டப்பா தளம் தட்டத் தெரிந்த வயதானவர்கள் எந்த ஊரிலாவது இருந்தால், அவர்களைக் கூட்டிவந்து உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவை தட்டச் சொல்லுங்கள். உங்கள் வளவில் வாரியல் இன்னும் வாசல் வாசலாக நகர்ந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள்.