மண்டபத்துக்கு வந்த மீன் தொட்டிக் கேள்வி

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் பேருந்தில் உச்சிப்புளியின் தென்னந்தோப்புகளைத் தாண்டினால் பனையும் உடைமரமும்தான். போகப் போக நிலம் ஒடுங்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் கண்மாய் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழ்.

அப்படி ஓர் ஆடி மாதத்தில் முதுகுளத்தூர் பக்கத்து விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் மண்டபத்தில் இறங்கினார்கள். ராமேஸ்வரம் போகிற கூட்டத்தோடு வந்தாலும், அவர்கள் கேட்டுக்கொண்டு நடந்தது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு. இந்த நிறுவனம் 1947-ல் மண்டபம் முகாமில்தான் தொடங்கியது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் ஆராய்ச்சி தொடர்கிறது. கோமாளி மீன் போன்ற கடல் வண்ண மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையிலும் இங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது.

முண்டு மிளகாய் விற்ற பணத்தில் 45,000 ரூபாய் போட்டு, மகள் ஆசைப்பட்டாள் என்று வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருந்தார்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நன்றாக அமைந்தால் குஞ்சு வளர்த்து விற்கலாம் என்ற கணக்கும் இருந்தது. விற்றவரே மறுநாள் நான்கு மீன்களையும், பழுப்பு நிறத்தில் உயிருள்ள பவளத் துண்டு ஒன்றையும் கொடுத்தார். ஒரே வாரத்தில் மீன்கள் செத்தன. பவளம் வெள்ளைவெளேர் என்றானது.

"அழுக்கெல்லாம் போயி நல்லா வெளுத்துருச்சுன்னு நெனச்சோம்ணே" என்றார் மனைவி, அங்கே தொட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஊழியரிடம்.

"அது அழுக்கு இல்லக்கா. அதுக்குச் சோறு போடுற பாசி. அது போயிட்டா பவளம் பட்டினி" என்றார் அவர்.

பவளம் கல் அல்ல, உயிரி. அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்து அதற்கும் கொடுக்கின்றன. தண்ணீரின் சூடு அளவை மீறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். 2016-ல் மன்னார் வளைகுடாவிலேயே இப்படிப் பெருமளவில் வெளுத்தது. ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில், 190 லிட்டர் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்விக்கும் கருவி இல்லாமல் 26 முதல் 28 டிகிரியில் நிறுத்துவது நம் ஊரில் கடினம். கருவிக்கு மின்சாரம் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறிகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுத்தாலும், விற்றாலும், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல் குதிரையும் அப்படித்தான். விற்றவர் இதைச் சொல்லவில்லை. அந்த விவசாயியின் முகம் அப்போதுதான் மாறியது.

இந்தக் கரைக்கு இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்குக் கடலே சாட்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கரைக்கு அலைதாங்கியாக நின்றது போனால் மண் நிற்காது. வரப்பை வெட்டிக் கல் விற்ற கதைதான்.

மீன்கள் ஏன் செத்தன என்பது விவசாயிக்கு எளிதில் புரியும். யூரியா போட்டால் அது அமோனியாவாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகிறது அல்லவா? தொட்டியிலும் அதே வேலைதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியை மீனில்லாமல் ஓட்ட வேண்டும். மறுநாளே மீன் விட்டது பக்குவமாகாத குப்பையை நாற்றங்காலில் கொட்டியது போல.

உப்பிலும் தவறு நடந்திருந்தது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்ற கணக்கு சரி. ஆனால் போட்டது உப்பளத்துக் கல்லுப்பு. பாத்தியில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும். மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் சமையல் உப்புதான். மீன் தொட்டிக்கென்று தயாரித்த கடலுப்பு அல்லது வடிகட்டிய சுத்தமான கடல்நீர் வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் அதே உப்பளவில் மாற்றினால் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

விவசாய வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டால், இறால், கடல்சாமந்தி போன்றவை மிகச் சிறிய அளவிலேயே சாகும். பூச்சிமருந்துத் தெளிப்பானை வைக்கும் அறையில் தொட்டி கூடவே கூடாது. மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் அவசியம்.

பவளம் இல்லாமலே தொட்டி அழகாக இருக்கும். செயற்கைக் கல்லை அடுக்கி, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டு விட்டால் போதும். கடல்சாமந்தி இல்லாமலும் அது வாழும். இந்த மீனில் எல்லாமே முதலில் ஆண்தான். பெரியது பெண்ணாக மாறும். மண்சட்டியிலோ ஓட்டிலோ முட்டை ஒட்டும். ஆண் விசிறிக் காக்கும். ஒரு வாரத்தில், இருட்டியபின் பொரியும். அதன்பிறகுதான் உண்மையான உழைப்பு. குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி வேண்டும், ரோட்டிஃபருக்குப் பாசி வேண்டும். இரண்டையும் தினமும் வளர்க்க வேண்டும். கடலுக்குத் தொலைவில் உள்ளவர்கள் வளர்ந்த குஞ்சை வாங்கி விற்பனை அளவுக்கு வளர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டபிறகே கையிலிருந்து பணம் போட வேண்டும்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் விவசாயி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இடைமறித்தார்: "அதெல்லாஞ் சரிங்க. மாசி, பங்குனியில நாம பழம் பறிக்கப் போயிருவோம். சூடும் அப்பத்தான் ஏறும். தண்ணிய யாரு மாத்துறது? பாப்பாவுக்குப் பரீட்சை."

அவர் பதில் சொல்லவில்லை. மகளுக்குப் போன் போட்டு, அந்த வெள்ளைத் துண்டை யாருக்கும் கொடுக்கவோ எங்கும் தூக்கிப் போடவோ வேண்டாம், வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க நாளைக்கே போகலாம் என்றார். தொட்டியைக் கழுவிக் காயவைக்கவும் சொன்னார். பேருந்து வந்தது.