விலங்கும் நங்கூரமும்

கடலைச் சாட்டையால் அடிக்கச் செய்த பாரசீக மன்னன் செர்க்சஸின் கதையை வகுப்பில் எப்போது சொன்னாலும் மாணவர்கள் சிரித்துவிடுவார்கள். அதிகாரத்தின் பேதைமைக்கு அதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது. ஆனால் ஹெரோடோட்டஸின் வரலாற்று நூலில் அக்கதை சாட்டையோடு முடிவதில்லை. சிரிப்பு ஓய்ந்தபின் வரும் பகுதிக்காகவே நாம் அந்நூலைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறோம்.

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் படை கடக்க, ஹெல்லெஸ்பாண்ட் நீரிணையில் அமைத்த முதற்பாலங்களைப் புயல் சிதைத்தது. மன்னன் கடலுக்கு 300 சாட்டையடி விதித்தான். ஒரு சோடி விலங்கையும் நீரில் எறியச் செய்தான். பாலம் அமைத்தவர்களின் தலைகள் வீழ்ந்தன. அவர்களிடத்திற்கு வேறு பொறியாளர்கள் வந்தார்கள். அவர்கள் யாரென்று ஹெரோடோட்டஸ் கூறவில்லை. செய்ததை மட்டும் நுணுக்கமாகக் கூறுகிறார். கி.மு. 480இல் படை கடந்த இரு பாலங்களில் ஒன்றுக்கு 360 கப்பல்கள், மற்றதற்கு 314. கருங்கடற் பக்கமிருந்து வீசும் காற்றுக்கென ஒருபுறமும், மேற்கு, தெற்குக் காற்றுகளுக்கென மறுபுறமும் மிகப்பெரிய நங்கூரங்களைப் பாய்ச்சினார்கள்.

மன்னன் எறிந்த விலங்கும் நீருக்குள் போயிற்று. இவர்களது நங்கூரமும் நீருக்குள் போயிற்று. முன்னது நீரைக் கட்ட நினைத்தது. பின்னது, நீரைக் கட்டவியலாதென்று அறிந்து மரக்கலத்தை மட்டும் கட்டியது. தலை தப்ப வேண்டியவர்களுக்கு இவ்வேறுபாடு விளங்காதிருக்குமா?

மிதவைப் பாலத்தைத் தாங்குவதும் நீர்தான். அடித்துச் செல்ல முயல்வதும் அதே நீர்தான். ஆகவே ஆற்றில் நங்கூரம் மேல்நீரில் வெகுதொலைவில் கிடக்க வேண்டும். கயிறு குட்டையானால் செங்குத்தாக இழுபட்டு நங்கூரம் பிடி தளரும். படகின் முன்புறமோ நீருக்குள் அமிழும். நீளக் கயிறு சாய்ந்து கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும்.

அலெக்சாந்தர் சிந்துவைக் கடந்ததைப் பேசும் அர்ரியன், தம் காலத்து ரோமானியர் முறையை விளக்குகிறார். படகுகளை நீரோட்டத்தோடு பின்முகமாக நழுவவிடுவார்கள். உரிய இடம் வந்ததும் கல் நிரப்பிய பிரப்பங்கூடைகளை முன்புறத்திலிருந்து இறக்கி நிறுத்துவார்கள். ஒரு பேரரசின் படை அந்தக் கூடைகளை நம்பி நடந்திருக்கிறது.

1864 ஜூனில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கிராண்ட்டின் படைக்காக ஜேம்ஸ் ஆற்றில் 2,000 அடிக்கும் நீளமான பாலம் அமைத்தார்கள். அங்கே கடலேற்றம் நீரோட்டத்தையே திருப்பும். நடுவில் ஆழமும் மிகுதி. நங்கூரமிட்ட கப்பல்களை ஆழத்தில் நிறுத்தி, அவற்றோடு படகுகளைப் பிணைத்தார்கள். இன்றைய படைகளோ கரைக்குக் கரை கட்டிய வடத்தாலோ, ஓட்டத்தை எதிர்த்து இயங்கும் விசைப்படகுகளாலோ பாலத்தைப் பிடித்து நிறுத்துகின்றன.

கருவி மாறியது, பணிவு மாறவில்லை. எந்தப் பொறியாளனும் ஆற்றை வென்றதாகக் கணக்கெழுதுவதில்லை. படை கடக்கும் வரையில் அது பொறுத்துக்கொள்ளுமாறு பார்த்துக்கொள்கிறான், அவ்வளவே. செர்க்சஸின் படை கடந்து முடிய ஏழு பகலும் ஏழு இரவும் ஆயின. அதுவரை நங்கூரங்கள் தாங்கின. தோற்றுத் திரும்பியவர்கள் கரைக்கு வந்தபோது, புயல் பாலங்களைக் குலைத்துப்போட்டிருந்தது, கப்பலேறித்தான் கடந்தார்கள். இம்முறை கடலுக்குச் சாட்டையடி விழுந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதவில்லை.